வட்டக் கபடி: தொட்டவனும் தொடப்பட்டவனும் மட்டும்

கபடி நமக்குத் தெரியாததா என்ற நினைப்பில்தான் அந்த வீடியோவைத் திறந்தேன். பஞ்சாபில் ஏதோ ஒரு கிராமத்து மைதானம், உழுது பதமாக்கிய மண், சுற்றிலும் தலைப்பாகைகள், டிராக்டர் மேல் ஏறி நின்று பார்க்கும் பையன்கள். ஒருவன் எதிரணிப் பக்கம் போனான், ஒருத்தனைத் தொட்டான், அதற்கப்புறம் நடந்தது கபடியா மல்யுத்தமா என்றே எனக்குப் பிடிபடவில்லை. அதைவிட எரிச்சல், தொடப்பட்டவன் தனியாகப் போராடிக்கொண்டிருக்க மற்ற மூன்று பேரும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "போய்க் காலைப் பிடிங்கடா" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். பிடிக்கக் கூடாது என்பதுதான் அங்கே விதி என்று அப்புறம்தான் தெரிந்தது.

அந்த ஒரு விதி புரிந்தால் போதும், வட்டக் கபடியில் முக்கால்வாசி புரிந்துவிடும். ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் போகிறவர், யாரைத் தொடுகிறாரோ அவர் மட்டுமே ரெய்டரைப் பிடிக்கலாம். இன்னொருவர் கை வைத்தால் தப்பாட்டம், பாயிண்ட் ரெய்டருக்குப் போய்விடும்.

நம்ம ஊர்க் கபடியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். நாம் சடுகுடு என்று ஆடி வளர்ந்து, இப்போது டிவியில் மேட் மேல் பார்க்கிற ஆட்டம் ஒரு கூட்டு வேட்டை. ஏழு பேர் வலை மாதிரி நிற்பார்கள், ஓரத்தில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்ததும் மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள், கைகோத்துச் சங்கிலி போடுவார்கள். அவுட் ஆனவர் வெளியே உட்கார வேண்டும், நம் ஆள் பாயிண்ட் எடுத்தால் உள்ளே வரலாம். யார் உள்ளே, யார் வெளியே, எத்தனை பேர் மிச்சம் என்கிற கணக்குதான் அந்த ஆட்டத்தின் மூளை.

வட்டக் கபடியில் அந்தக் கணக்கே கிடையாது. அணிக்கு 8 பேர். ஒரு ரெய்டின்போது ஒருவர் எதிரணிப் பக்கம் போவார், அங்கே 4 பேர் தடுக்க நிற்பார்கள். யாரும் அவுட் ஆகி வெளியே போக மாட்டார்கள். ஒருவரைத் தொட்டுவிட்டு 30 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் திரும்பினால் ரெய்டர் அணிக்குப் பாயிண்ட். திரும்ப முடியாதபடி பிடித்து வைத்தாலோ, வட்டத்துக்கு வெளியே தள்ளினாலோ தடுத்தவர் அணிக்குப் பாயிண்ட். தோற்றவர் உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நிற்கிறார், அடுத்த ரெய்டு ஆரம்பம். 20 நிமிடம் ஒரு பாதி, பக்கம் மாறி இன்னொரு 20. கபடி வகைகளில் அமர் என்று ஒன்றைச் சொல்வார்கள், தொடப்பட்டாலும் பிடிபட்டாலும் களத்திலேயே இருக்கலாம் என்பது அதன் விதி. வட்டக் கபடி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ரெய்டரைப் பஞ்சாபியில் தாவி என்பார்கள். தமிழ்க் காதுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது, ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை, தற்செயல்தான். தடுப்பவர் ஜாஃபி. அவர் போடும் பிடி ஜஃபா. அணைத்துக்கொள்வதைப் பஞ்சாபியில் ஜஃபி என்பார்களே, அந்தக் குடும்பத்துச் சொல்தான். களத்தில் நடப்பதைப் பார்த்தால் அணைப்பு என்று சொல்ல வாய் வராது, அது வேறு.

இப்போது களத்தின் அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த ஆட்டத்தின் ருசி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. டிவியில் பார்க்கும் ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு பக்கம் 65 சதுர மீட்டர், அதில் 7 பேர். ஆளுக்கு 9 சதுர மீட்டர் சொச்சம், ஒரு சின்னப் படுக்கையறை அளவு. வட்டக் கபடிக் களம் ஏறக்குறைய 22 மீட்டர் விட்டமுள்ள வட்டம். பாதி வட்டம் 190 சதுர மீட்டர் வரும், அதில் 4 பேர். ஆளுக்கு 47 சதுர மீட்டருக்கு மேல். ஐந்து மடங்கு இடம்! மூலையே இல்லாத களம் வேறு. மூலையில் மாட்டவைத்து அமுக்குவது என்ற வேலை இங்கே நடக்காது. தொட்டதும் ரெய்டர் திரும்பி ஓட வேண்டும், தொடப்பட்டவர் அவருக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் வந்து நின்றாக வேண்டும். இரண்டு பெரிய உடம்புகள், நடுவில் வெட்டவெளி.

உடம்பு என்றேன் இல்லையா, அதையும் சொல்ல வேண்டும். மேட் கபடியில் ஆண்களுக்கு 85 கிலோ என்று எடை வரம்பு உண்டு. பஞ்சாப் கிராமப் போட்டிகளில் எடை வாரியாகப் பிரிவுகள் வைப்பார்கள், ஆனால் கூட்டம் அலைமோதுவது ஓப்பன் பிரிவுக்குத்தான். அதில் 100 கிலோவைத் தாண்டிய ஆட்கள் சாதாரணம். அத்தனை எடையை வைத்துக்கொண்டு அவர்கள் ஓடும் வேகம்தான் முதலில் பார்ப்பவரை வாய் பிளக்க வைக்கும். மேல் உடம்பில் துணி இல்லை, காலில் செருப்போ ஷூவோ இல்லை. வியர்வையில் வழுக்கும் உடம்பில் சட்டையைப் பிடிக்கலாம், காலரை இழுக்கலாம் என்பதற்கெல்லாம் வழியே கிடையாது. பிடி வழுக்காமல் இருக்க மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

அந்தச் சில விநாடிகளில் நடப்பது என்ன? ரெய்டர் திறந்த கையால் ஜாஃபியின் மார்பில் அறைவார், தள்ளுவார். கோபத்தில் அடிக்கிறார் என்று முதலில் தோன்றும். உண்மையில், ஜாஃபி குனிந்து இடுப்புக்குள் நுழைந்துவிடாதபடி தூரத்தில் நிறுத்தும் வேலை அது. ஜாஃபிக்கு வேண்டியது ரெய்டரின் இடுப்பு அல்லது கால். பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிக் கை பூட்டிவிட்டால் பாதி வெற்றி. கீழே விழுந்த பிறகும் முடியவில்லை, கைஞ்சி என்று ஒரு பிடி இருக்கிறது, கத்தரிக்கோல் என்று அர்த்தம், இரண்டு காலாலும் ரெய்டரின் காலைப் பின்னிப் பூட்டிவிடுவது. அதில் மாட்டிய ரெய்டர் கோட்டை நோக்கி ஊர்ந்துகொண்டே ஜாஃபியையும் சேர்த்து இழுத்துப் போகும் காட்சி எல்லா போட்டியிலும் ஒன்றாவது கிடைக்கும். என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தில் ரெய்டரைவிட ஜாஃபிதான் பெரிய கலைஞன். யாரைத் தொடுவது, எப்போது தொடுவது என்பதை ரெய்டர் தேர்ந்தெடுக்கிறார். ஜாஃபிக்கு எந்தத் தேர்வும் இல்லை, தொடப்பட்ட அந்தக் கணத்திலிருந்து வேலை ஆரம்பம்.

எந்த ரெய்டும் வீணாகாது என்பது இன்னொரு விஷயம். மேட் கபடியில் வெறும் ரெய்டு என்று ஒன்று உண்டு, போவார், எதிரணிப் பக்கத்துக் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்புவார், யாருக்கும் பாயிண்ட் இல்லை. இங்கே போனவர் ஒருத்தரைத் தொட்டே ஆக வேண்டும், ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு ரெய்டிலும் யாராவது ஒருவருக்குப் பாயிண்ட். 2020 பிப்ரவரியில் லாகூரில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் பாகிஸ்தான் இந்தியாவை 43-41 என்று வென்றது. மொத்தம் 84 பாயிண்ட், 40 நிமிடம். சராசரியாக 29 விநாடிக்கு ஒரு முடிவு! இதை ஒரு மல்யுத்தப் போட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஆறு நிமிடம் இரண்டே பேரைப் பார்க்கிறோம். இங்கே அதே நேரத்தில் ஒரு டஜன் குட்டிச் சண்டைகள் முடிந்திருக்கும். போனை எடுத்தால் 30 விநாடிக்கு மேல் எதையும் பார்க்காத நம் காலத்துக்கு இதைவிடத் தோதான ஆட்டம் உண்டா?

(மூச்சுப் பிடித்து "கபடி கபடி" என்று பாடுவதை எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். ரெய்டர் வாயே திறக்காமல் ஆடும் கூங்கி கபடி, அதாவது ஊமைக் கபடி, பஞ்சாபில் பழைய வழக்கம். இப்போது நேரத்தைக் கடிகாரம் பார்த்துக்கொள்கிறது.)

பஞ்சாபுக்குள்ளேயே வேறு சில கபடிகளும் உண்டு. லம்பி கௌடி என்பதில் வெளி எல்லையே கிடையாது, ஓட முடிந்தவரை ஓடலாம். மால்வா பகுதியில் ஸௌஞ்சி என்று ஒன்று, குத்துச்சண்டைக்கு அண்ணன் தம்பி முறை. போகிறவர் எதிராளியின் மார்பில் அறைவார், எதிராளி இவருடைய மணிக்கட்டை மட்டும்தான் பிடிக்கலாம், வேறெங்கே பிடித்தாலும் தப்பு. விடுவித்துக்கொண்டால் இவர் ஜெயிப்பு, விடுவிக்க முடியாவிட்டால் அவர் ஜெயிப்பு. இதையெல்லாம் பார்க்கும்போது வட்டக் கபடியில் 'ஒருத்தனுக்கு ஒருத்தன்' என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு மாதிரி புரிகிறது. நம் சடுகுடுவிலிருந்து பிய்த்துக்கொண்டு போன ஆட்டமாக இதைப் பார்க்க வேண்டியதில்லை, இது மல்யுத்தக்காரர்களின் ஊரில் வளர்ந்த கபடி.

ஆட்டத்தைச் சுற்றி நடப்பது தனி உலகம். நவம்பரிலிருந்து மார்ச் வரை, குளிர்காலம் முழுக்க, இந்தியப் பஞ்சாபில் ஊருக்கு ஊர் கபடித் திருவிழாதான். லூதியானா பக்கம் கிலா ராய்ப்பூரில் 1933இல் ஆரம்பித்த கிராமிய விளையாட்டு விழாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம், அங்கேயும் கபடிக்குத் தனிக் கூட்டம். ஹரியானாவிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் பைசலாபாத், குஜ்ராத் என்று பாகிஸ்தான் பஞ்சாபிலும் இதே வெறி. மைக் பிடித்து வர்ணனை செய்பவர்கள் வீரர்களுக்குச் சமமான நட்சத்திரங்கள். ரெய்டு நடக்கும்போதே பாட்டும் வசனமுமாகப் பின்னுவார்கள், கூட்டத்திலிருந்து ஒருவர் சீட்டு அனுப்புவார், "அடுத்த ரெய்டுக்கு இன்னார் ஆயிரம் ரூபாய்" என்று மைக்கில் அறிவிப்பு வரும், அந்த ஒரே ரெய்டுக்கு, ஜெயிப்பவருக்கு, அங்கேயே. சிறந்த ரெய்டருக்கும் சிறந்த ஜாஃபிக்கும் மோட்டார் சைக்கிள், டிராக்டர் எல்லாம் பரிசாக வரும்.

வீரர்களின் பெயரிலேயே ஊர் இருக்கும். சந்தீப் நங்கல் அம்பியான் என்றால் நங்கல் அம்பியான் என்ற ஊர்க்காரர் என்று அர்த்தம். ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடமும் இருந்தது, அதனால் இது நமக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஒரு ஆள் தோற்றால் ஓர் ஊர் தோற்றது, ஜெயித்தால் ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போகும்.

பஞ்சாபில் வெயில் ஏறும் நேரத்தில் கனடாவிலும் இங்கிலாந்திலும் கோடைக்காலம் தொடங்குகிறது. உடனே ஆட்டம் அங்கே இடம்பெயர்கிறது. வான்கூவர் பக்கத்து ஸர்ரே, டொரன்டோ, பர்மிங்ஹாம், கலிஃபோர்னியாவின் யூபா சிட்டி, இங்கெல்லாம் குடியேறிய பஞ்சாபிகளின் குருத்வாராக்களும் கிளப்புகளும் நடத்தும் போட்டிகளுக்காக வீரர்கள் விமானம் ஏறுகிறார்கள். ஆண்டு முழுக்க சீசன், மூன்று கண்டங்களில் ரசிகர்கள். வேறு எந்த நாட்டுப்புற ஆட்டத்துக்கும் சுலபத்தில் வாய்க்காத அடித்தளம் இது.

அப்படியானால் இது ஏன் நம் டிவிக்கு வரவில்லை? இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

2014 ஜூலை கடைசியில் ப்ரோ கபடி லீக் ஆரம்பித்தது. அதற்கு இரண்டே வாரம் கழித்து, ஆகஸ்டில், வட்டக் கபடிக்கும் ஒரு லீக் ஆரம்பித்தது, வேர்ல்டு கபடி லீக் என்று பெயர். முதல் ஆட்டங்கள் எங்கே தெரியுமா, லண்டன் ஓ2 அரங்கில். அக்‌ஷய் குமார், சோனாக்‌ஷி சின்ஹா, பாடகர் ஹனி சிங் என்று அணி உரிமையாளர்கள் பெயரைக் கேட்டாலே கண் கூசும். லாகூர் லயன்ஸ், வான்கூவர் லயன்ஸ், கலிஃபோர்னியா ஈகிள்ஸ் என்று அணிகள். அந்த ஒரு சீசனோடு சரி. அதே ஆண்டு தொடங்கிய இன்னொன்று இன்றுவரை ஓடுகிறது, நமக்கு ஒரு தமிழ் தலைவாஸையும் கொடுத்தது.

என் கணிப்பு இது. ப்ரோ கபடி ஒரே நாட்டுக்குள், ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு ஊருக்கும் இது உன் அணி என்று ஒன்றைக் கையில் கொடுத்தது. ஆட்டத்தைக் கேமராவுக்கு ஏற்றபடி சீவியது, டூ ஆர் டை ரெய்டு, சூப்பர் டேக்கிள் என்று புரிகிற பெயர்களில் பரபரப்பைக் கட்டியது. பின்னால் ஆசிய விளையாட்டில் 1990இலிருந்து இருக்கும் ஆட்டம் என்ற பலமும், நாடு முழுக்கச் சங்கங்களும் இருந்தன. வட்டக் கபடி லீக் நேராக மேல்மாடியில் ஏறிக் குடியிருக்கப் பார்த்தது. நாடு நாடாக வீரர்களைக் கூட்டிக்கொண்டு அலையும் செலவு ஒரு பக்கம், வான்கூவர் அணிக்கு வான்கூவரில் எத்தனை ஆட்டம் என்ற கேள்வி ஒரு பக்கம். மண்ணில், தன் ஊர்ப் பெயரோடு ஆடியவனைக் கொண்டுபோய் வேறொரு பெயரில் நிறுத்தினார்கள். ஊர்ப் பாசத்தில் ஓடிய வண்டி, அந்த எரிபொருளையே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினால் எவ்வளவு தூரம் போகும்?

அதற்கு முன்னால் பஞ்சாப் மாநில அரசு 2010இலிருந்து உலகக் கோப்பை நடத்தியது. முதல் ஆண்டே பரிசு 1 கோடி ரூபாய், இறுதியில் இந்தியா பாகிஸ்தானை 58-24 என்று அடித்தது. 2011இல் பட்டிண்டாவில் தொடக்க விழாவுக்கு ஷாருக் கானே வந்து ஆடினார். பணத்துக்கும் பகட்டுக்கும் குறைவில்லை. ஆனால் மேலை நாடுகளிலிருந்து வந்த ஆண்கள் அணிகளில் பாதிக்கு மேல் புலம்பெயர்ந்த பஞ்சாபிகளின் பிள்ளைகள்தான், சட்டை நிறம் மட்டும் வேறு. போதாக்குறைக்கு 2011 போட்டியில் ஊக்கமருந்துச் சோதனை வைத்தபோது வீரர்கள் வரிசையாக மாட்டினார்கள்.

பெண்கள் பிரிவு ஆரம்பித்ததும் 2011இல்தான், எனக்கு அதுதான் சுவாரசியமான கதை. நியூசிலாந்திலிருந்து மாவோரிப் பெண்கள், அந்த நாட்டின் பூர்வகுடிகள், வந்தார்கள். ரக்பி ஊறிய நாடு, ஓடும் ஆளை இடுப்பில் மடக்கி வீழ்த்துவது அங்கே பள்ளிக்கூடப் பாடம் மாதிரி. 2013, 2014 இரண்டு ஆண்டும் இறுதிக்கு வந்துவிட்டார்கள். 2014இல் இந்தியா 36-27 என்றுதான் ஜெயிக்க முடிந்தது. கொஞ்சம் யோசியுங்கள், மேட் கபடியில் சங்கிலி போடவும், ஏழு பேர் ஒரே நேரத்தில் நகரவும் பழக ஆண்டுகள் வேண்டும், வெளிநாட்டு அணிகள் பலவும் இன்னும் அங்கேதான் திணறுகின்றன. வட்டக் கபடியில் ஒருத்தருக்கு ஒருத்தர் என்பதால் மல்யுத்தம், ஜூடோ, ரக்பி தெரிந்த ஒருவர் தன் வித்தையை அப்படியே கொண்டுவந்து இறக்கலாம். உலகத்துக்குக் கொண்டுபோகச் சுலபமான கபடி எது என்று கேட்டால் நான் வட்டத்தைத்தான் காட்டுவேன், ஆனால் உலகத்துக்குப் போனது செவ்வகம்.

வட்டத்துக்குள் இருக்கும் ஓட்டைகளை மறைத்துவிட்டுப் புகழ்வதும் சரியில்லை. ஒரே தலைமைச் சங்கம் இல்லை, பல கூட்டமைப்புகள், ஒருவருக்கொருவர் ஆகாது. 2020 லாகூர் போட்டிக்கு இந்திய அணி போய் ஆடிக்கொண்டிருக்கும்போதே, இவர்களுக்கு நாங்கள் அனுமதி தரவில்லை என்று இந்தியாவில் அறிக்கை வந்த கூத்தை வேறு எந்த உலகக் கோப்பையில் பார்ப்பீர்கள்? ஆட வெளிநாடு போய்த் திரும்பாதவர்களால் மற்ற வீரர்களுக்கு விசா கிடைப்பது சிக்கலாகியிருக்கிறது. பணம் புரளும் இடத்தில் ரவுடிக் கும்பல்களும் நுழைந்தன. மேலே பெயருக்கு உதாரணமாகச் சொன்னேனே சந்தீப் நங்கல் அம்பியான், அவரை 2022 மார்ச்சில் ஜலந்தர் மாவட்டத்தில் ஒரு போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். வட்டக் கபடியின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. ஆட்டத்தைக் கெடுப்பது ஆட்டத்தின் விதிகள் அல்ல என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

அதனால் 'பெரிய லீக் வேண்டும்' என்று ஆரம்பிக்கிற யோசனைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்டால் மூன்று சின்ன விஷயங்களைத்தான் சொல்வேன். எல்லா ஊருக்கும் ஒரே விதிப் புத்தகம், ஒவ்வொரு பெரிய போட்டியிலும் ஊக்கமருந்துச் சோதனை, அப்புறம் ஊர்ப் பெயர்களிலேயே அணிகள். ஏற்கெனவே கிராமப் போட்டிகளை யூட்யூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள், ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு நல்ல ஸ்கோர் பலகையும், புதிதாகப் பார்ப்பவருக்கு யார் யாரைத் தொட்டார் என்று காட்டும் ஒரு மெதுவான மறுஒளிபரப்பும் சேர்த்தால் பஞ்சாபி தெரியாத என்னைப் போன்றவனும் உட்கார்ந்து பார்ப்பான்.

சரி, பார்க்க ஆசை வந்துவிட்டதா? முதலில் ஐந்து ரெய்டுகளை ஒலி இல்லாமல் பாருங்கள், ரெய்டரின் முகத்தையோ கையையோ பார்க்காமல் ஜாஃபியின் காலை மட்டும் கவனியுங்கள். நல்ல ஜாஃபி தொடப்பட்டதும் முன்னால் பாய மாட்டார், ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து கோட்டுக்கும் ரெய்டருக்கும் நடுவில் வழியை அடைப்பார், அங்கேயே பாதி முடிவாகிவிடும். அடுத்த ஐந்துக்கு ஒலியைக் கூட்டுங்கள், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் வர்ணனையாளர் குரல் ஏறுவதை வைத்தே பிடி விழுந்துவிட்டதா வழுக்கிவிட்டதா என்று சொல்லிவிடலாம். அப்புறம் ஒதுங்கி நிற்கும் அந்த மூன்று பேரைப் பாருங்கள். சும்மா நிற்கவில்லை. உருண்டு வரும் இரண்டு உடம்புகளும் தங்கள் மேல் பட்டுத் தப்பாட்டம் ஆகிவிடக் கூடாதே என்று, கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு, எட்டி எட்டி விலகிக்கொண்டிருப்பார்கள்.